வெண்பாவுக்கு ஒரு தளை, சுண்ணாம்புக்கு ஒரு தளை

வெளியூரிலிருந்து யாராவது காரைக்குடிக்கு வந்தால் இரண்டு இடங்களைக் காட்டாமல் அனுப்புவதில்லை. ஒன்று கம்பன் மணிமண்டபம். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து கம்பன் விழாவுக்குப் பேர்போன ஊர் இது. இன்னொன்று, ஊரே 'செக்ரி' என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஒரே ஊர், ஒரே தண்ணீர். மண்டபத்துக்கும் போய் ஆய்வகத்துக்கும் போன ஆட்கள் இங்கே நிறைய இருந்திருக்கிறார்கள்.

ஆனாலும் எழுத்து என்று வந்துவிட்டால் எங்கள் ஊரிலும் பிரித்துத்தான் வைக்கிறார்கள். நான் கவிதையும் எழுதுகிறேன், பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகமும் எழுதுகிறேன். கவிதைக்காரர்கள், "நல்லா எழுதுற கை, ஏன் பாடப்புத்தக வேலைக்குப் போகுது?" என்கிறார்கள். அறிவியல் ஆசிரியர்கள், "வர்ணனை எல்லாம் வேண்டாம் ஆச்சி, விஷயத்தை மட்டும் சொல்லுங்க" என்கிறார்கள். இரண்டு பேரும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது. கற்பனை என்றால் இல்லாததைச் சேர்ப்பது. கவிதையில் சேர்க்கலாம், அறிவியலில் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்கிற ஒன்றை இன்னொருவர் கண்ணுக்குக் கொண்டுவருவதற்குத்தான் கற்பனை பெரிதாகத் தேவைப்படுகிறது. அந்த வேலை கவிதையிலும் அதேதான், எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதும் அறிவியல் புத்தகத்திலும் அதேதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லாமல் போனதற்குக் காரணமான சிலவற்றை எழுதிவிடுகிறேன்.

முதலில் பாரதி. அவருக்கும் காரைக்குடிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1919-இல் இங்கே வந்து ஹிந்து மதாபிமான சங்கத்தாரோடு இருந்தார். கையில் தடியோடு இருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம் அப்போது இங்கே எடுத்ததுதான். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு ஒன்பது வருஷம் முந்தியது. 1910-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. பூமி அதன் வாலுக்குள் புகுந்து போகும் என்று வானியலாளர்கள் கணித்திருந்தார்கள். வாலில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருக்கிறது என்ற செய்தி பரவி, மேல்நாடுகளில் ஒரே பீதி. வால்நட்சத்திரத்துக்கு மாத்திரை கூட விற்றிருக்கிறார்கள். அந்த நேரத்தில் புதுச்சேரியில் இருந்த பாரதி, 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று ஒரு கவிதை எழுதினார். அந்தத் தமிழ் வருஷத்தின் பெயர் சாதாரண.

கவிதையின் முதல் வரியே "தினையின் மீது பனை நின்றாங்கு". சின்னத் தலை, அதன்மேல் நெட்டையாக ஒரு வால். ஒரு தினையரிசியின் தலையில் பனைமரம் நிற்கிறது. வால்நட்சத்திரத்தைப் பார்த்தே இராத பிள்ளைக்கும் இந்த ஒரு வரியில் அளவு பிடிபட்டுவிடும். அடுத்தடுத்து அவர் தருவதெல்லாம் தகவல். வால் பல கோடி யோசனை (பழைய தூர அளவு) நீளம் போகிறது. அது மிக மென்மையான வாயுவால் ஆனது. பூமியை வாலால் தொட்டுவிட்டு, யாருக்கும் கெடுதல் செய்யாமல் போய்விடும் என்று அறிஞர் சொல்கிறார்கள். எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவது அதன் வழக்கம். ஊரார் பேசிக்கொண்ட பயங்களையும் எதிர்பார்ப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேட்கிறார்: மெய்யோ, பொய்யோ?

இதைவிட ஒரு பிள்ளைகள் அறிவியல் நூல் வேறென்ன செய்யவேண்டும்? அளவு காட்டியாகிவிட்டது, பயம் தெளிவித்தாகிவிட்டது, கேள்வி கேட்கப் பழக்கியாகிவிட்டது. நம் ஆட்களில் இதைத் தெளிந்து சொல்ல ஆள் இல்லையே, வேற்று நாட்டார் சொல்லக் கேட்டுத்தானே தெரிந்துகொண்டோம் என்ற வருத்தத்தையும் அதிலேயே வைத்திருக்கிறார்.

அந்தத் தினையையும் பனையையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினையரிசி சுமார் 2 மில்லிமீட்டர். பனைமரம் 20 மீட்டர். பத்தாயிரம் மடங்கு. 1986-இல் ஹாலி திரும்ப வந்தபோது ஜியோட்டோ விண்கலம் கிட்டப் போய்ப் படமெடுத்தது. உள்ளே இருக்கும் திடமான கரு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம்தான். அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். வாலோ கோடிக்கணக்கான கிலோமீட்டர் போகக்கூடியது. அப்படியானால் பனைமரம் போதவில்லை! பாரதி கண்ணுக்குத் தெரிந்த தலையைத்தான் சொன்னார், கருவை அன்றைக்கு யாரும் கண்டதில்லை. இருந்தாலும் உயர்வு நவிற்சி என்று நாம் படித்துவிட்டுப் போகிற வரியை உண்மை தாண்டிக்கொண்டு போகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

தினை என்றதும் கபிலரும் நினைவுக்கு வருவார். குறுந்தொகையில் ஒரு பெண், அவன் என்னைக் கைப்பிடித்த அன்று சாட்சிக்கு யாருமே இல்லையே என்று புலம்புகிறாள். அங்கே இருந்தது ஒரு கொக்கு மட்டும். "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால" என்று அதன் காலைச் சொல்கிறார் கபிலர். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது அது. எங்கள் கண்மாய்க் கரையில் ஆடாமல் அசையாமல் நிற்கும் மடையான் கொக்கின் காலைப் போய்ப் பாருங்கள். தினைத் தட்டையின் அதே மஞ்சள் கலந்த பச்சை, அதே மெல்லிசு. இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததால்தான் அவள் துயரம் நம்பும்படி இருக்கிறது. சாட்சியாக நின்றதற்கும் மீன்மேல்தான் கண்.

சரி, கபிலரையும் பாரதியையும் சொல்லிவிட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கொஞ்சம் இடக்கான ஒன்றுக்கு வருகிறேன். கணக்கதிகாரம் என்று ஒரு பழைய நூல், காரிநாயனார் செய்தது. கணக்கு முழுவதையும் பாட்டாகவே சொல்லும். நம் முன்னோர் மருத்துவத்தையும் கணக்கையும் சோதிடத்தையும் செய்யுளில்தான் எழுதினார்கள். மனப்பாடத்துக்கு எதுகை மோனையைப் போலத் துணை வேறில்லை. அந்த நூலில் ஒரு வெண்பா ரொம்பப் பிரசித்தம். பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லலாமாம். காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. வந்த எண்தான் சுளை, வேறு எண்ணவே வேண்டாம் என்று முடிகிறது பாட்டு.

விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தோம். பலாப்பழத்துக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. புதுக்கோட்டைப் பக்கம் வடகாடு, கீரமங்கலத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். முகப்பில் சாக்கை விரித்துப் பழத்தை வைத்தாயிற்று. வெண்பாவைப் பிள்ளைகள் ராகம் போட்டே சொல்லிவிட்டார்கள். எண்ணத் தொடங்கியதும்தான் சண்டை. காம்பை ஒட்டி இருப்பது முள்ளா, வெறும் புடைப்பா? முதல் சுற்று மட்டுமா, இரண்டாவதுமா? பாதி வளர்ந்த முள் ஒன்றா அரையா? ஒருத்தி பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினாள். அவள் தம்பி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு எண் வந்தது. ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தபோது, ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம் இன்னும் கொஞ்சம் பெரிதானது. பிறகு கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அரிந்து எண்ணினோம். யார் சொன்னதும் ஒத்துவரவில்லை.

பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாட்டில் வெண்டளை, அதாவது சீருக்குச் சீர் ஒட்டவேண்டிய வெண்பாவின் கட்டு, எங்கும் பிசகவில்லை, கடைசி அடியில் மூன்று சீர் சரியாக நிற்கிறது. இருந்தும் 'சிறுமுள்' என்றால் எது என்று பாட்டு சொல்லவில்லை. அங்கேதான் அது நழுவுகிறது. அன்றைக்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு விதி எழுதினார்கள்: காம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் முள் மட்டும், கால் விரலால் குத்தினாலும் வலிக்கிற முள் மட்டும். சிரிப்பாக இருந்தாலும் அது நல்ல வரையறை. யார் எண்ணினாலும் ஒரே எண் வரவேண்டும் என்ற கவலை அதில் இருக்கிறது. அடுத்த பழத்துக்கு அதை வைத்து எண்ணினார்கள். எண்கள் நெருங்கின. சுளை அப்போதும் ஒத்துவரவில்லை, அது வேறு விஷயம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வெண்பா எழுதுகிறவருக்கு எவ்வளவு கட்டு! வெண்டளை மட்டும்தான் வரலாம். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் ஒன்றாக முடியவேண்டும். கட்டளைக் கலித்துறை என்றால் எழுத்தையே எண்ணவேண்டும். ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கினால் அடிக்குப் பதினாறு, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. இந்தக் கட்டுக்குள் நின்று காளமேகம் என்னவெல்லாம் செய்தார்! கட்டு இருந்ததால்தான் அந்தச் சொல்லைத் தேடினார், அது இல்லையென்றால் கைக்கு வந்த முதல் சொல்லோடு நின்றிருப்பார். பிள்ளைகளுக்கு அறிவியல் எழுதுகிறவருக்கும் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. சொல்வது மெய்யாக இருக்கவேண்டும். உவமை எவ்வளவு அழகாக வந்தாலும் உண்மையோடு ஒட்டாவிட்டால் தளை தட்டிவிட்டது என்று அர்த்தம். அழித்துவிட்டு வேறு தேட வேண்டியதுதான். தேடுகிற அந்த நேரத்தில்தான் கற்பனை வேலை செய்கிறது.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பற்றி எழுதியபோது இதை நன்றாக அனுபவித்தேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவரைத் தொட்டிருக்கிறீர்களா? கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, சித்திரை வெயிலிலும் குளுகுளுப்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பும் நைஸ் மணலும் குழைத்து, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்தது. முட்டைக் கதையை எல்லோரும் சொல்வார்கள், சுற்றுலாவுக்கு வருகிறவர்களும் அதைத்தான் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பிடித்தது சுண்ணாம்பின் கதை. கடலில் கிடந்த கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுடுகிறார்கள். சுமார் 900 டிகிரி சூட்டில் அதற்குள் இருந்த கரியமில வாயு பிரிந்து போய்விடும். சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோ போட்டால் 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும், 56 கிலோதான் சுண்ணாம்பாக மிஞ்சும். அதைத் தண்ணீர் விட்டு நீற்றினால் கொதிக்கும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு, மேலிருந்து உள்ளாக இறுகிக்கொண்டே போகும். கடைசியில் என்ன ஆகிறது? பழையபடி கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதுவாகவே ஆகிவிடுகிறது. நாம் சாய்ந்து உட்காரும் சுவர் பொருளளவில் ஒரு பெரிய கிளிஞ்சல்தான்.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? கைக்கு முதலில் வருவது, 'சுவர் மூச்சு விடுகிறது.' அழகான வாக்கியம். அட்டையில் போடலாம். ஆனால் மூச்சு என்றால் உள்ளே இழுத்தது வெளியே வரவேண்டுமே. வாசித்துக் காட்டியவுடன் ஒரு பையன் கேட்டான்: "ஆச்சி, அப்ப எப்ப வெளிய விடும்?" சுவர் வெளியே விடுவதே இல்லை. எடுத்ததைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தளை தட்டிவிட்டது, மூச்சு போயிற்று.

அடுத்து, எங்கள் ஊருக்கே உரிய ஒன்று தோன்றியது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஐயாமார் வருஷக்கணக்கில் அங்கே இருந்துவிட்டு வீடு திரும்புவார்கள். காளவாயில் வீட்டைவிட்டுப் போன வாயு சுவருக்குத் திரும்பி வருகிறது என்று எழுதினால் எந்தச் செட்டிநாட்டுப் பிள்ளைக்கும் புரியும். புரியும்தான், ஆனால் அதுவும் பொய். காளவாயிலிருந்து போனது காற்றோடு கலந்து எங்கோ போயே போய்விட்டது. சுவருக்குள் வருவது வேறு. ஒரு சின்னப் பொய்தானே, பிள்ளைகளுக்குத்தானே என்று விட்டுவிடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். பெரியவர்களுக்கு என்றால் கூட விட்டுவிடலாம், அவர்கள் வேறு எங்காவது படித்துத் திருத்திக்கொள்வார்கள். பிள்ளைகள் முதன்முதலில் கேட்டதை ஆயுசுக்கும் வைத்துக்கொள்வார்கள்.

இதை நான் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது, திருகையில் உளுந்து உடைத்துக்கொண்டிருந்த பெரிய ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். "போனது வரலை. அது இடத்துல வேற ஒண்ணு வந்து இந்த வீட்டுதாவே ஆயிருது. அவ்வளவுதானே? அப்ப பிள்ளை கூட்டிக்கிட்டதுன்னு சொல்லேன்."

சுவீகாரம் எடுப்பதை எங்கள் பக்கம் பிள்ளை கூட்டுவது என்பார்கள். வந்த பிள்ளைக்குப் பிறந்த பிள்ளையின் அத்தனை உரிமையும் உண்டு. அதன்பிறகு அது இந்த வீட்டுப் பிள்ளை, வேறு பேச்சே கிடையாது. இதை எந்தப் பக்கம் தட்டிப் பார்த்தாலும் ஒட்டுகிறது. கரியமில வாயுவில் காளவாயில் பிறந்தது, அடுப்பில் பிறந்தது என்று சாதி வித்தியாசம் இல்லை. எங்கிருந்து வந்தாலும் ஒரே அமைப்பு. சுவர் பேதம் பார்ப்பதில்லை. இன்னொன்றும் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த வீட்டில் எரிந்த அடுப்பிலிருந்தும், அங்கே படுத்துத் தூங்கியவர்கள் விட்ட மூச்சிலிருந்தும் வந்த வாயு அதில் சேர்ந்திருக்குமே! சேர்ந்திருக்கும். நான் தூக்கிப்போட்ட மூச்சு சரியான வழியில் திரும்பி வந்துவிட்டது. சுவர் விடுகிற மூச்சு என்று எழுதியிருந்தால் இது கிடைத்திருக்காது.

அப்புறம் சோதனை. உதிர்ந்து விழுந்திருந்த பழைய காரைத் துண்டு ஒன்றை அம்மியில் பொடித்து, கண்ணாடித் தம்ளரில் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தோம். மெல்ல நுரை கட்டியது. பொடிப்பொடியாகக் குமிழிகள். ஒவ்வொருவராகத் தம்ளரைக் காதில் வைத்துக் கேட்டார்கள்; மிக மெல்லிசாக ஒரு 'ஸ்ஸ்' சத்தம். நுரை அடங்கியபின் அடியில் மணல் மட்டும் தங்கியிருந்தது. தாத்தா காலத்தில் சுவருக்குள் போன வாயு இப்போது வெளியே வருகிறது என்றதும் ஒரு பெண் குழந்தை தம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். போய்விடக் கூடாதாம். புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்குப் படம் அதுதான்.

இப்போது கொஞ்சம் வருத்தமான பேச்சு. தமிழில் பிள்ளைகளுக்கு வருகிற அறிவியல் புத்தகங்களைக் கடைகளில் புரட்டிப் பாருங்கள். பாதியில் ஒரு தாத்தா இருப்பார். பேரன் "தாத்தா, மழை எப்படிப் பெய்கிறது?" என்பான். தாத்தா மூன்று பக்கத்துக்குப் பாடப்புத்தகத்தை ஒப்பிப்பார். இடையில் பேரன் "அப்படியா தாத்தா!" என்பான். பேரன் எங்கேயும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டான், எதையும் தொட்டுப் பார்க்கமாட்டான். தாத்தாவுக்குப் பதில் காக்கை வரும், சில சமயம் ரோபோ வரும். உள்ளே அதே ஒப்பித்தல்தான். கதை என்ற சட்டையை மாட்டிவிட்டால் கற்பனை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். சுவர்ப் புத்தகத்தை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தபோது, "ஒரு பேசும் பல்லியை உள்ளே விட்டுருங்களேன், சுவர்ல இருக்கும், பொருத்தமா இருக்கும்" என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். கிளிஞ்சல் சுவராகி மறுபடி கிளிஞ்சலாவதைவிட ஒரு பேசும் பல்லி எந்த வகையில் அதிசயம்?

இந்த இடத்தில் ஃபாரடேயைச் சொல்லாமல் இருக்க முடியாது. செக்ரியில் நடக்கும் வேலைக்கெல்லாம் அடித்தளம் போட்ட ஆள் அவர். மின்னாற்பகுப்பு விதிகளை 1830-களில் கண்டு சொன்னவர். புத்தகம் பைண்டு பண்ணும் கடையில் வேலை கற்கப் போன பையன், அங்கே பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானார். லண்டன் ராயல் நிறுவனத்தில் சிறுவர்களுக்காகக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825 முதல் நடந்துவருகின்றன. 1860 கிறிஸ்துமஸை ஒட்டி ஃபாரடே அங்கே ஆறு சொற்பொழிவு செய்தார். ஆறுக்கும் பொருள் ஒன்றுதான்: ஒரு மெழுகுவர்த்தி. தாத்தாவும் இல்லை, பல்லியும் இல்லை. மெழுகு உருகி உச்சியில் ஒரு கிண்ணம் போல் குழி விழுகிறதே, உருகியது ஏன் வழிந்து ஓடவில்லை? சுடர் இழுக்கும் காற்று கீழிருந்து மேலே ஏறுகிறது, அது விளிம்பைக் குளிரவைக்கிறது, அதனால் விளிம்பு உருகாமல் சுவராக நிற்கிறது. தனக்கு வேண்டிய கிண்ணத்தைச் சுடர் தானே செய்துகொள்கிறது! பிறகு மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, எழும் வெண்புகையில் சற்று எட்ட ஒரு தீக்குச்சியைக் காட்டினால், தீ புகை வழியே தாவிப் போய்த் திரியில் பற்றிக்கொள்ளும். எரிவது திரியல்ல, மெழுகின் ஆவி என்று நிரூபணமாகிவிட்டது. சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் அடியில் நீர்த்துளி கோக்கும். நெருப்பிலிருந்து தண்ணீர். எந்தக் கவிஞர் இதை எழுதியிருந்தாலும் முரண்தொடை என்று பாராட்டியிருப்போம்.

இதைக் கரண்ட் போன ஒரு ராத்திரியில் உங்கள் வீட்டிலும் செய்யலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

தமிழிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பெ.நா. அப்புசாமி தொழிலால் வக்கீல். ஒரு கையால் தமிழில் அறிவியல் எழுதினார், இன்னொரு கையால் சங்கப் பாட்டுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1891-இல் பிறந்து 1986-இல் மறைந்தவர். ஹாலி வால்நட்சத்திரம் வந்த இரண்டு முறையும் பூமியில் இருந்தவர். அவர் கட்டுரைகளில் வாக்கியம் எங்கும் திணறாது. சங்கப் பாட்டோடு பழகியதால் வந்த சிக்கனம் அது என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கத்து ராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டு எழுதியவர். அவர் பாட்டைப் படிக்கும்போது சந்தத்தை மட்டும் கவனிக்காமல், எந்தச் செய்தி எந்த வரியில் வருகிறது என்றும் கவனித்துப் பாருங்கள். ஒரு வரிக்கு ஒரு செய்திதான். இரண்டாவது செய்தி வேண்டுமா, அடுத்த வரி வரை காத்திருக்கவேண்டும். அறிவியல் எழுதும்போது நான் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஒரே விதி அதுதான்.

பழைய விடுகதைகளிலும் இதே கட்டு இருக்கிறது. அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு. அது என்ன? நெல். அறுத்த தாளடி வயலில் கிடக்கிறது, வைக்கோல் மாட்டுக்குப் போகிறது, கதிர் வீட்டுக்கு வருகிறது. ஆறே சொல்லில் ஒரு செடியின் உடலமைப்பும் ஒரு குடும்பத்தின் பொருளாதாரமும் வந்துவிட்டன. எங்கள் அப்பத்தா இதைச் சொல்லும்போது விடையைச் சட்டென்று சொல்லவிடமாட்டார். "யோசி, யோசி" என்பார். புத்தகத்தில் நான் அதைப் பக்கம் திருப்புவதால் செய்கிறேன். கேள்வி வலப்பக்கத்தின் அடியில் இருக்கும், விடை திருப்பினால்தான். பதிப்பகத்தார் காகிதத்தை மிச்சம் பண்ண இரண்டையும் ஒரே பக்கத்தில் போடச் சொல்வார்கள். அதற்கு மட்டும் நான் சண்டை போடுவேன்.

இப்போது கையில் இருப்பது, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் பற்றிய சின்னப் புத்தகம். பட்டறைக்குப் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல் செய்கிறவர் முதலில் ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து வைக்கிறார். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூவேலைத் தகட்டு அச்சு. சிமெண்டில் கரைத்த சாயங்களைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார். கை நடுங்கவில்லை, கட்டம் தாண்டவில்லை. அச்சைத் தூக்கியதும் சாயம் கலந்துவிடும் என்று பயந்து நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கலக்கவில்லை. உடனே மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவினார். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. அதற்குமேல் குழைத்த கலவையைப் போட்டு அமுக்கினார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து இறுகவேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம்தான் தரையில் மேலே வரப்போகும் முகம், அதனால்தான் சூளையும் மெருகும் இல்லாமலே அந்தப் பளபளப்பு.

"அண்ணே, பூ எப்படி வந்திருக்குன்னு எப்பத் தெரியும்?" என்றேன்.

"கண்ணாடிய எடுக்கறப்பதான். அதுவரைக்கும் முதுகத்தான் பார்த்துக்கிட்டிருப்போம்" என்றார்.

புத்தகத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது அதிலிருந்து ஒரு சிக்கலாகிவிட்டது. தரையில் பதித்த பூவைக் காட்டி, இது எப்படி வந்தது தெரியுமா என்று பின்னோக்கிப் போவது சுலபம், எல்லோரும் செய்வது. ஆனால் கல் அப்படிப் பிறப்பதில்லை. முகம் முதலில், முதுகு கடைசியில். செய்கிற வரிசையிலேயே எழுதினால், பிள்ளைகளும் அவரைப் போலவே முக்கால் புத்தகம் வரைக்கும் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பூ கடைசிப் பக்கத்தில்தான் வரும். அதுவரை அவர்களைப் பிடித்து வைக்கவேண்டும். சாயம் ஏன் கலக்கவில்லை, உலர்ந்த தூள் எதற்கு, தண்ணீரில் போட்டால் கரையாமல் ஏன் இறுகுகிறது என்று பக்கத்துக்கு ஒரு கேள்வி வைத்தால் நிற்பார்கள் என்று நம்புகிறேன். ஓவியரிடமும் சொல்லியாயிற்று: அட்டையில் பூ வேண்டாம், வெறும் கண்ணாடி போதும்.